சப்பரத்துல ஏறின ஆடு

வேப்பெண்ணெய்ச் சாமின்னு ஒரு குரு இருந்தாரு. கொசுவுக்குப் பயந்து உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் தேச்சுக்கிடுவாரு, அதனால அந்தப் பேரு. கொசு வந்துச்சோ இல்லையோ, சீடன்னு ஒருத்தனும் தங்கல. தங்கினவன் சொரிமுத்து மட்டுந்தான். குருவவிட வயசுல மூத்தவன். அவனுக்கு எப்பவும் மூக்கடைப்பு, அதனால தங்க முடிஞ்சுது. அம்மன் கோயில்ல வெளக்குப் போடுறது அவன் வேலை. மத்த நேரமெல்லாம் சாமிகூடத்தான்.

அந்தக் கோயில்ல மயிலு வச்ச வெங்கல வெளக்கு ஒண்ணு காணாமப் போச்சு.

ஊரு நேரா மைக்காரச் சங்கிலியக் கூட்டியாந்துச்சு. வெத்தலையில மையத் தடவி, கண்ணு இமைக்காம பாக்கச் சொல்லி, களவாணி மொகத்த அதுல வரவழைக்கிற ஆளு. அவரு மீசையிலயும் அதே மைதான்னு அவரு பெஞ்சாதியே சொல்லுவா. அது கெடக்கட்டும்.

வெளக்குப் போடுறவன்னு சொரிமுத்துவ உக்கார வச்சு வெத்தலையக் கையில குடுத்தாரு.

"ஆளு தெரியுதா? குட்டையா? தோள்ல துண்டு கெடக்கா? வெளக்க நெஞ்சோட அணைச்சிருக்கானா? மயிலு மூக்கு நெஞ்சுல குத்துதா?"

காலையில ஆரம்பிச்சவரு வெயில் சாயுத வரைக்கும் விடல. சொரிமுத்துவுக்குப் பசி ஒரு பக்கம், கண்ணெரிச்சல் ஒரு பக்கம். கடைசியில, "தெரியுது. நாந்தான்"னுட்டான்.

வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால எரியுத கற்பூரத்தக் கையால அணைச்சு, எடுத்தது நாந்தான்னு சத்தியம் பண்ணணும், அன்னைக்கே ஊர விட்டுப் போயிரணும்னு ஊர்த் தலைவர் கொம்பையா சொல்லிட்டாரு.

திங்கக்கிழமை விடிஞ்சதும் சொரிமுத்து சாமி கால்ல விழுந்தான்.

"சாமி, நான் வெளக்க எடுத்திருக்கேன்."

"எப்பம்?"

"தெரியல. ஆனா ஞாவகம் இருக்கு. மயிலு மூக்கு இங்கதான் குத்துச்சு."

"கொண்டு போயி எங்க வச்ச?"

"அதுமட்டும் வரமாட்டேங்கு. சாமி, நான் களவாணியா?"

சாமி முதுகச் சொறிஞ்சாரு.

"ஒரு பொய் சொல்லு."

"சாமி?"

"இந்த ஊர்ல நடக்காத ஒண்ணு."

சொரிமுத்துவுக்குப் பொய் லேசுல வராது. ரொம்ப நேரம் மோட்டுவளையப் பாத்துட்டு, "போன கொடைத் திருவிழாவுல அம்மன் சப்பரத்துமேல ஒரு ஆடு ஏறிட்டு"ன்னான்.

"ஏறட்டும். குடைய எடு, போவம்."

மொதல்ல பூக்கட்டுற ஆவுடை.

"ஏ ஆவுடை, கொடையில சப்பரத்துல ஏறுச்சே ஆடு, அது கருப்பா வெள்ளையா?"

"எந்த ஆடு சாமி?"

"ஞாவகம் இல்லையா? சரி, யோசிச்சுப் பாரு."

அம்புட்டுத்தான். அடுத்து முடிவெட்டுற கடை, அப்புறம் டீக்கடை, பம்படி. எல்லார்கிட்டயும் அந்த ஒரே கேள்வி. எல்லாரும் முழிச்சாவ.

மறுநாளு ஆவுடை ஓடியாந்தா.

"சாமி, கருப்பு! நெத்தியில மட்டும் வெள்ளை. நான் கட்டுன மாலையத்தான சாமி தின்னுச்சு, பாவி ஆடு!"

ஆவுடைக்கு ஆடுன்னாலே ஆவாது. அவளப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, தலையில வச்ச பூவ ஒரு ஆடு எட்டித் தின்னுட்டுப் போயிட்டு. மாப்ள வீட்டுக்காரங்க சிரிச்ச சிரிப்புல கல்யாணம் முடிவாச்சு. அது வேற கத.

டீக்கடையில கருப்பு கட்சி, வெள்ளை கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு கிளாஸ் ஒடஞ்சுது. ஆடே இல்லன்னு சொல்ல ஒரு கட்சியும் இல்ல.

வியாழக்கிழமை சொரிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சாமி, அது கழுத்துல மணி கெடந்துச்சோ?"

"பெத்தவன் நீ. என்னையக் கேக்க?"

"எனக்கே அது கத்துன சத்தம் கேக்கு சாமி."

சாமி சிரிச்சாரு. சொரிமுத்து கை தானா நெஞ்சுக்குப் போச்சு, மயிலு மூக்கு குத்துன எடத்துக்கு. குடையப் புடிச்சபடி அப்படியே நின்னுட்டான்.

வெள்ளிக்கிழமை ஊரே கூடிட்டு. தட்டுல கற்பூரம் எரியுது.

"அணைச்சுச் சொல்லுடே"ன்னாரு கொம்பையா.

"ஒரு நிமிசம்"னாரு சாமி. "சங்கிலி அண்ணாச்சி, கொடையில அந்த ஆட்ட சப்பரத்துலேர்ந்து இறக்கினது யாரு?"

சங்கிலி மீசையத் தடவினாரு.

"நாந்தான். வேற எவனுக்குத் தைரியம் உண்டு? கொம்பால கீறிட்டு, இந்தா பாருங்க." கையில நெசமாவே ஒரு தழும்பு.

"நல்லாத் தெரியுமா?"

"கற்பூரத்த அணைச்சே சொல்லுதேன்!"

நீட்டின கைய சொரிமுத்து எட்டிப் புடிச்சான்.

"வேண்டாம் அண்ணாச்சி, கை சுட்டுரும். அது என் ஆடு."

"ஒன் ஆடா?"

"திங்கக்கிழமைதான் பொறந்துச்சு. சாமி ஒரு பொய் கேட்டாரு, நான் பெத்துப் போட்டேன். தீனி போட்டு வளத்தது நீங்க எல்லாரும்."

மொதல்ல சிரிச்சது ஆவுடை. அப்புறம் டீக்கடை ரெண்டு கட்சியும். சங்கிலி தழும்பையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"மயிலு மூக்க என் நெஞ்சுல குத்துனது நீங்க அண்ணாச்சி. நான் அந்த வெளக்க எடுக்கல." கோயில் தூணெல்லாம் திருப்பிச் சொல்லுத மாதிரி இன்னொரு தடவ கத்தினான். "நான் எடுக்கல!" மூக்கடைப்புகூட விட்டுப்போச்சு.

மேளக்காரரு தவில எடுத்து வெளுத்து வாங்கினாரு. ஆவுடை அம்மனுக்குக் கட்டுன மாலையில ஒண்ண அவன் கழுத்துல போட்டா. கொம்பையா கற்பூரத்தட்டத் தள்ளி வச்சுட்டு எண்ணெச் செம்ப நீட்டினாரு.

"போ, போயி வெளக்கப் போடு. நேரமாச்சு."

கோயில்ல இருக்க வெளக்கெல்லாம் சொரிமுத்து கையால எரிஞ்சுது. பொண்ணுங்க கொலவ போட்டாவ.

எல்லாம் அடங்கினப்புறம் கொம்பையா சாமிகிட்ட மெல்ல வந்தாரு.

"அப்போ வெளக்க யாருதான் சாமி எடுத்தா?"

"அந்த ஆட்டப் புடிங்க"ன்னாரு சாமி. "இறக்கி விட்டவரு இந்தா நிக்காரு."