குட்டியோட குரல்

ஒரு ஊர்ல ஒரு மாமியார் இருந்தாங்களாம். பேரு தையல்நாயகி, ஊரு மன்னார்குடி. காய்க்காரர் தராசைக்கூட ரெண்டு பக்கமும் குனிஞ்சு பாக்குற ஆளு. அவங்க மக சுகந்தியும் மாப்பிள்ளை முத்தழகனும் ஆப்பிரிக்காவுல, கென்யாங்கற தேசத்துல இருந்தாங்க. மகளைப் பாக்கப் போன மாமியாரை, சிங்கம் காட்டாம ஊருக்கு அனுப்ப மாட்டேன்னு மாப்பிள்ளை கார்ல ஏத்திக்கிட்டு காட்டுக்குக் கெளம்பிட்டாரு. முன்சீட்டுல மாமியார், பின்னால சுகந்தி. கேக்குறியா?

ம்.

காரு டுர்ர்ருன்னு போச்சு. சுத்தி இடுப்பளவு காஞ்ச புல்லு, அங்கங்க குடை விரிச்ச மாதிரி மரம். வரிக்குதிரை மேயுது, ஒட்டகச்சிவிங்கி மேயுது, சிங்கத்தை மட்டும் காணோம். அப்போ மாப்பிள்ளை ஒரு புதர்கிட்ட நிறுத்தி இஞ்சினை அணைச்சாரு. கொஞ்ச நேரத்துல "மே...ஏ... மே...ஏ..."ன்னு ஒரு குட்டி கத்துற சத்தம். சரசரன்னு புல்லை விலக்கிக்கிட்டு ரெண்டு நரி வந்து காதைத் தூக்கிட்டு நின்னுச்சு. என்ன சத்தம்னு மாமியார் கேட்டாங்க. ஏதோ பறவைன்னாரு மாப்பிள்ளை. பறவை இப்படியா கத்தும்? மாமியாருக்கு மனசு ஒப்பல.

அப்புறம் ரொம்ப தூரம் போயி ஒரு பள்ளத்துக்கிட்ட நிறுத்தினாரு. மறுபடி "மே...ஏ..." அதே குரல், அதே இழுப்பு. இந்தத் தடவை குடுகுடுன்னு ஒரு கழுதைப்புலி வந்து காரைச் சுத்திச் சுத்தி மோந்துச்சு. புதருக்குப் பின்னால மான்குட்டி இருக்கும்னாரு மாப்பிள்ளை. அந்தக் குட்டி எப்படி நம்ம கூடவே வருதுன்னு மாமியாருக்குள்ள குறுகுறுன்னுச்சு. திரும்பி மககிட்ட மெதுவா சொன்னாங்க.

"ஆரம்பிச்சிட்டியாம்மா? எதுக்கெடுத்தாலும் அவரைச் சந்தேகப்படாத"ன்னு சுகந்தி முகத்தைத் திருப்பிக்கிட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையைப் பத்தித் தெருத்தெருவா விசாரிச்சவங்களாச்சே. அந்தக் கோவம் அவளுக்கு இன்னும் ஆறல.

சரின்னு மாமியார் வாயை மூடிக்கிட்டாங்க. கண்ணை மூடல.

ம்.

அப்புறம் வெயில் சாயுற நேரம், மறுபடி காரு நின்னுச்சு. மாப்பிள்ளை கை சட்டைப்பைக்குள்ள போறதை மாமியார் பாத்துட்டாங்க. பையில போனு. அவர் பக்கத்துக் கதவுக்கு வெளியில ஒரு குட்டி ஸ்பீக்கர் தொங்குது. "மே...ஏ..." அதுலேர்ந்துதான் வருது. ஓகோ, இதைக் கேட்டுத்தான் பசிச்சதெல்லாம் ஓடி வந்திருக்கு!

அப்போ காத்தே இல்லாம புல்லு அசைஞ்சுச்சு. நடுவுல மஞ்சளா ரெண்டு கண்ணு. பெண்சிங்கம். மாப்பிள்ளை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அதைக் காட்டினாரு.

மாமியார் பாத்தது வேற. அந்தாண்டப் பக்கத்துலேர்ந்து ஒரு பெண்மான் தடதடன்னு ஓடி வருது. மத்த மானெல்லாம் தூர ஓட, இது மட்டும் காரைப் பாத்து வருது. நின்னு கேக்குது, மறுபடி ஓடி வருது. மடி பாலால கனத்துத் தொங்குது. சிங்கம் தரையோட தரையா பதுங்கிடுச்சு.

"அதை நிறுத்துங்க மாப்பிள்ளை. அது புள்ளையைத் தேடி வருது."

மாப்பிள்ளை பதறிப் பையில கைவிட, போனு நழுவிச் சீட்டுக்கடியில போயிடுச்சு. குரல் நிக்கவே இல்ல. அந்தக் காட்டுல ஹாரன் அடிக்கக் கூடாது, மாமியாருக்கும் தெரியும். இருந்தும் எட்டி, ரெண்டு கையாலயும் அமுக்கினாங்க. பாஆஆம்!

மான் ஒரே எகிறு எகிறித் திரும்புச்சு. சிங்கம் பாஞ்ச இடத்துல வெறும் புழுதிதான். அது காரை முறைச்சுட்டு, வேற பக்கமா நடந்து போயிடுச்சு.

மாப்பிள்ளை போனைத் தேடி எடுத்து அணைச்சாரு. "உங்களுக்குச் சிங்கம் காட்டணும்னுதான் அத்தை..."ன்னு இழுத்தாரு. சுகந்தி ஸ்பீக்கரை அவுத்து உள்ள போட்டா. அம்மா தோள்ல கையை வச்சவ எடுக்கவே இல்ல.

அப்போ தூரத்துல அந்த மான் நின்னு மெல்லக் கூப்பிட்டுச்சு. புல்லுக்குள்ளேர்ந்து நெசக்குட்டி ஒண்ணு தள்ளாடி எழுந்து, வயித்துக்கடியில பூந்து சப்சப்புன்னு பால் குடிச்சுது. தாய் மட்டும் கார்மேல வச்ச கண்ணை எடுக்கல.

காரை எடுக்கட்டுமான்னு மாப்பிள்ளை கேட்டாரு.

"குடிச்சு முடிக்கட்டும்"னாங்க மாமியார்.

ம்...

அவ்வளவுதாண்டா கண்ணு கதை. குட்டிக்கு வயிறு நெறைஞ்சுடுச்சு, உனக்குக் கண்ணு சொருகிடுச்சு. தூங்கு.