செங்கல் மாதிரி ஒரு ஸ்பீக்கர்

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஒரு குன்று இருந்தது. குன்றடியில் ஓடு போட்ட ஒரு கூடம் இருந்தது. அந்தக் கூடத்தில் மரகதம் என்கிற அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவார். நாற்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பேச்சு முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு.

நாற்பது பேரில் முதல் வரிசை, முதல் ஆள், குழந்தைவேலு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். இருந்தாலும் சீடர் சீடர்தான். அம்மாவின் பேச்சைச் செல்போனில் பதிவு செய்வது அவர் வேலை. ஆறு வருஷமாக அதை யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. போனை மடியில் படுக்கவைத்துக்கொள்வார். பக்கத்தில் யாராவது இருமினால் திரும்பி முறைப்பார்.

ஒரு நாள் அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா, பக்கத்து ஊர்க்காரங்களும் கேக்கணும்னு ஆசைப்படறாங்க. என்னால எல்லா ஊருக்கும் போக முடியல. நீங்க போறீங்களா? ஒரு ஸ்பீக்கர் வாங்கிக்கோங்க. பதிவைப் போடுங்க. அவங்க கேள்வி கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

அன்றைக்குக் குழந்தைவேலுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்களே பதில் சொல்லுங்க! ஆறு வருஷமாக அவர் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். சுற்றுவட்டாரத்து ஒன்பது ஊருக்கும் ஒரு பட்டியல் எழுதினார். முதல் ஊர் ஆலம்பள்ளம். வருகிற ஞாயிறு.

புதன்கிழமை காலையில் மொபைல் கடை கமாலுதீன் கூடத்து வாசலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். மூன்று பெட்டி.

"சார், மூணு கொண்டாந்திருக்கேன். ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு பர்ஸுக்கு, ஒண்ணு காதுக்கு. எது வேணுமோ எடுத்துக்கங்க. மூணையும் எடுத்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

முதல் ஸ்பீக்கர் செம்பு நிறம். தோலில் பிடி. பட்டனை அமுக்கினால் சுற்றிலும் நீல வெளிச்சம் ஓடியது. இரண்டாவது சிவப்பு பிளாஸ்டிக், மாதுளம்பழம் அளவு, எழுநூறு ரூபாய். மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரு செங்கல். அவ்வளவுதான். விலை மட்டும் எட்டாயிரம்.

"செங்கலுக்கு எட்டாயிரமா? எங்க தெருவுல இதே சைஸ் பதினோரு ரூபாய்க்குக் கிடைக்குது" என்றார் குழந்தைவேலு.

"அது பாடாதே சார்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைவேலு அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அழகு, விலை, சத்தம். மூணுல எதை முதல்ல பாக்கறது?"

"எந்தப் பேச்சைப் போடப் போறீங்க?"

"சித்திரை மாசத்துப் பேச்சு. அந்த லாரிக்காரர் இருளப்பன் கேள்வி கேட்டாரே, அது. நம்ம பேச்சுலேயே அதுதான் உசத்தி."

"அதையே மூணுலயும் போட்டுக் கேளுங்க."

அந்த இருளப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில், செருப்பு கிடக்கும் வாசலை ஒட்டி உட்காருகிறவர். வாயே திறக்க மாட்டார். சித்திரையில் ஒரு ஞாயிறு எழுந்து நின்றார்.

"அம்மா, நாள் பூரா வண்டி ஓட்டுறேன். ஒரு கட்டத்துல கை தானா திரும்புது, கால் தானா மிதிக்குது. அப்ப ஓட்டுறது யாருங்கம்மா?"

அதற்குத்தான் அம்மா ஒரு மணி நேரம் பதில் சொன்னார். முடிந்ததும் இருளப்பன் குழந்தைவேலுவிடம் வந்து கைகட்டி நின்றார். "சார், அதை எனக்கு அனுப்பிவிடுங்க. வண்டியில போட்டுக் கேட்டுக்கறேன்." குழந்தைவேலு பெருந்தன்மையாக உடனே அனுப்பினார்.

அதற்குப் பிறகு இருளப்பன் கூடத்துக்கு வரவேயில்லை. எட்டு மாசம் ஆகிறது. யாராவது விசாரித்தால் குழந்தைவேலுதான் பதில் சொல்வார்: "ஆர்வம் அவ்வளவுதான். எல்லாருக்கும் நிக்காது."

சரி. கமாலுதீன் செம்பு நிற ஸ்பீக்கரில் பதிவைப் போட்டான். இருளப்பன் கேள்வி கேட்டார். அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் திம்மென்று வந்தது. கூடமே அதிர்ந்தது.

"ஆகா!" என்றார் குழந்தைவேலு.

அடுத்தது சிவப்பு. அம்மாவின் குரல் கீச்சென்று வந்தது. மற்றதெல்லாம் ஒரே இரைச்சல்.

"இது வேண்டாம். அம்மாவைக் குருவியாக்கிடுச்சு."

கமாலுதீன் சிரித்துக்கொண்டே செங்கலில் போட்டான்.

முதலில் மின்விசிறி கேட்டது. பிறகு வெளியே ஒரு ஆடு. இருளப்பனின் செருமல். "அப்ப ஓட்டுறது யாருங்கம்மா?" கூடம் அமைதியானது. அந்த அமைதியும் கேட்டது.

அப்புறம், வெகு அருகில், ஒரு ஆண் குரல். தணிந்த குரல்.

"லாரி ஓட்டுறவனுக்கு இந்தக் கேள்வி ஒரு கேடு. சோத்துக்கு வந்தவன் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே."

பிறகு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு.

பிறகு அம்மா பேச ஆரம்பித்தார்.

குழந்தைவேலு சட்டென்று திரும்பித் தன் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

கமாலுதீன் துள்ளிவிட்டான். "கேட்டீங்களா சார்? இதுதான் கிளாரிட்டி! அந்த ரெண்டுலயும் இந்த ஆளு பேசினதே தெரியல. இதுல காதுகிட்ட உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. இருங்க, இன்னொரு தடவை போடறேன்."

"வேண்டாம்."

போட்டுவிட்டான். சோத்துக்கு வந்தவன். அந்தச் சிரிப்பு.

"யாரு சார் இது? உங்க குரல் மாதிரியே..."

அவன் நிறுத்திக்கொண்டான். பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கை நீட்டி அதை அணைத்தார். மறுபடி முறத்தைக் கையில் எடுத்தார்.

குழந்தைவேலுவின் முகத்தில் இரத்தம் இல்லை. செங்கலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வேறு யாரோ ஒளிந்திருப்பதுபோல.

"நான்... எனக்கு ஞாபகமே இல்லையே அம்மா. சத்தியமா இல்ல. வாய் தானா என்னமோ பேசியிருக்கு."

"பேசினது யாருங்க ஐயா?"

குழந்தைவேலு செங்கலைக் கீழே வைத்தார்.

அப்போது இன்னொன்று அவருக்கு உறைத்தது. உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான்தானே அவருக்கு அனுப்பினேன்." பிறகு அவசரமாக, "லாரியில கேட்டிருக்க மாட்டாரு. இன்ஜின் சத்தத்துல எங்க கேக்கப்போகுது?"

"ஆலம்பள்ளத்து இருளப்பன் அண்ணன் வண்டியா?" என்றான் கமாலுதீன். "அந்த வண்டிக்கு நான்தான் சார் செட்டு மாட்டிக் கொடுத்தேன். டிரைவர்களுக்குத் தூக்கம் வராம இருக்கணும்ல, பாட்டுதானே துணை. அதுல கேட்டா இதைவிட..."

அம்மா அவனைப் பார்த்தார். அவன் பெட்டியை அடுக்கப் போனான்.

குழந்தைவேலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்தச் செங்கல் வேண்டாம்பா. விலை ஜாஸ்தி."

"ஐநூறு கொறைச்சுக்கறேன் சார்."

"பாக்கவும் லட்சணமா இல்ல. அந்தச் செம்பையே குடு."

"சத்தம்?" என்று கேட்டார் அம்மா.

அவர் பர்ஸைத் திறந்தார்.

கமாலுதீனுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னான். "சார், அந்த ஒரு வரியைக் கட் பண்ணிடலாம். அதுக்கு ஆப் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

குழந்தைவேலு நிமிர்ந்தார். முகத்தில் உயிர் வந்தது. "அம்மா, வெட்டிடலாமா?"

"வெட்டுங்க. வெட்டாதது ஒண்ணு ஆலம்பள்ளத்துல இருக்கு."

குழந்தைவேலு அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்."

"தெரியும். முதல் வரிசையில பேசினா எனக்குக் கேக்காதா?"

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

"அவர் வராததுக்கு நான் என்னென்ன சொன்னேன்! கேட்டுட்டு இருந்தீங்களே அம்மா. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, என் குரல்லதானே கேட்டிருப்பீங்க?"

குழந்தைவேலு தலை குனிந்தார். மடியில் போன் இருந்தது. எப்போதும் இருக்கும் அதே இடம். எடுத்துத் தரையில் வைத்தார். அதைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளியும் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் போகலை அம்மா. வேற யாரையாவது அனுப்புங்க."

"சரி."

அம்மா அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்வார் என அவர் நினைக்கவில்லை. அந்த ஒரு சொல்லோடு ஆறு வருஷமும் போய்விட்டது. அழக்கூட வரவில்லை அவருக்கு.

தள்ளிவைத்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குரல் தணிந்திருந்தது. பதிவில் இருந்த குரலைவிடத் தணிவாக.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஆலம்பள்ளம் போகணும்னா... எந்த ஸ்பீக்கரை எடுத்துட்டுப் போறது?"

அம்மா முறத்தோடு எழுந்தார்.

"இருளப்பன் வீட்டுல அவருக்கு எதிர்க்க உக்கார்றதுக்கு ஸ்பீக்கர் எதுக்குங்க ஐயா?"

சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

கமாலுதீன் மூன்று பெட்டியையும் கட்டினான். ஸ்கூட்டரைக் கிளப்பினான். "சார், ஏறுங்க, வீட்டுல விடறேன்" என்றான். குழந்தைவேலு வேண்டாமென்று தலையசைத்தார். ஸ்கூட்டர் போனது.

பிறகு அவரும் வாசலுக்கு வந்தார். செருப்புகள் கிடக்கும் இடத்தில், கடைசி வரிசை முடியும் இடத்தில், கொஞ்சம் நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கினார். போன் கூடத்திலேயே கிடந்தது.

கீழே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் அவர் வீடு. வலது பக்கம் ஆலம்பள்ளம், ஏழு கிலோமீட்டர், பஸ் கிடையாது.

வலது பக்கம் நடந்தார்.