நுரை மூடிய குளம்

மழை இல்லாமல் வளரும். காற்று இல்லாமல் நகரும். வாய் இல்லாமல் ஒரு குளத்தையே விழுங்கும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. ஓர் ஓடை வந்து அதில் விழும். கரையோர மரங்களில் மரத்தவளைகள் வாழ்ந்தன. தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில், பின்னங்கால்களால் நுரை கடைந்து அதற்குள் முட்டையிடுவது அவற்றின் வழக்கம். குஞ்சுகள் நுரையிலிருந்து நழுவி நேராகக் குளத்தில் விழும்.

வெண்ணி என்ற மரத்தவளை அந்த ஆண்டுதான் முதன்முதலாக முட்டையிடப் போகிறாள். வயிறு கனக்க, மூட்டமான ஒரு பகலில் குளத்துக்கு வந்தாள். வந்தவள் கிளையிலேயே நின்றுவிட்டாள்.

குளத்தைக் காணவில்லை. கரையிலிருந்து கரைவரை வெள்ளை நுரை. ஓர் இலைகூட அசையவில்லை. நுரை மட்டும் மெல்ல நகர்ந்தது. தவளைச் சத்தம் இல்லை. குமிழிகள் உடையும் சத்தம் மட்டும், பலபேர் காதோடு காதாகப் பேசுவதுபோல் கேட்டது.

"அதிர்ஷ்டத்தைப் பாத்தியா? கால் வலிக்கக் கடைய வேண்டாம். யாரோ கடைஞ்சு வெச்சிருக்காங்க. நான் நேத்தே முட்டை போட்டுட்டேன்" என்றாள் அக்கா பூவி.

"யார் கடைஞ்சது அக்கா?"

"யாரா இருந்தா உனக்கென்ன? வாடி."

வெண்ணி கீழே இறங்கி நுரையில் ஒரு விரலை வைத்தாள். விரல் எரிந்தது. நுரையை விலக்கிப் பார்த்தாள். அக்காவின் முட்டைகள் வெந்த சோற்றுப் பருக்கைபோல் வெளுத்துக் கிடந்தன. கீழே ஒரு கெண்டை மீன் செத்து மிதந்தது. அதன் திறந்த கண் வெண்ணியையே பார்த்தது.

பூவி எட்டிப் பார்த்து, கிளையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வெண்ணி கிளைக்குக் கிளை தாவி, ஓடையோடு மேலே போனாள். அங்கே குரங்குக் கூட்டம் பூந்திக்கொட்டையை நசுக்கி, உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தது. நுரை ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. விடுகதைக்கு விடை அதுதான்.

"தலைவரே, இந்த நுரை எங்க குளத்தை மூடிடுச்சு."

தலைவன் கருவாயன் முதுகைச் சொறிந்தான். "எங்களுக்குப் பேன் போக வேண்டாமா? ஓடுற தண்ணிதானே, போயிடும்."

"எங்கே போகும்?"

"கீழே."

"கீழேதான் நாங்க இருக்கோம்."

"விரல் தண்டி இருக்கு, பேச்சைப் பாரு" என்று ஒரு குரங்கு சொல்ல, எல்லாம் சிரித்தன.

வெண்ணியால் முட்டைகளை இன்னும் ஒரு நாள்தான் தாங்க முடியும். கோபத்தை அடக்கிக்கொண்டாள்.

"அந்தத் தண்ணி கெடுதல் இல்லேன்னா, வந்து ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நான் பேசாம அதுலயே முட்டை போடுறேன்."

கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியவில்லை. கருவாயன் வந்தான், கூட்டமும் வந்தது. குளக்கரையில் எல்லோருடைய சிரிப்பும் நின்றது. கருவாயன் குனிந்தான். தண்ணீரில் அவன் முகம் தெரியவில்லை. நுரைக்குள் கையை விட்டான். செத்த மீன் கையோடு வந்தது.

"எனக்கு இப்போ தாகம் இல்லை. டேய் மொட்டு, நீ குடி" என்று பக்கத்தில் நின்ற குட்டியைத் தள்ளினான்.

குட்டியின் தாய் பாய்ந்து வந்து பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ குடிக்க மாட்டே, என் பிள்ளை குடிக்கணுமா?"

கருவாயன் செத்த மீனைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

அன்றே குரங்குகள், ஓடைக்கு எட்டாத மேட்டு மணலில் ஊற்றுநீர் சுரக்கும்வரை ஒரு குழி தோண்டின. இனி குளியல் அங்கேதான் என்று முடிவாயிற்று. மறுநாள், ஓடை விழும் இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. அதற்கு மேலிருந்த கிளையில் வெண்ணி தன் காலாலேயே நுரை கடைந்து முட்டையிட்டாள். பூவி பக்கத்தில் காவல் இருந்தாள்.

அடுத்த குளியல் நாளில் மொட்டு கை நிறையக் கொட்டைகளோடு தனியாக வந்தான். ஓடை பக்கத்தில் இருந்தது. குழி தூரத்தில் இருந்தது. பார்க்க யாரும் இல்லை. மொட்டு குழிக்குப் போனான்.

நாம் குடிக்கத் துணியாத தண்ணீரை அடுத்தவர் பக்கம் திறந்துவிடக் கூடாது.