முறுக்குத் தூணில் ஒரு ஜன்னல்

கஸ்பார் வாத்தியாருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயில்களில் பழைய பீடங்களையும் புனிதர்களின் சுரூபங்களையும் பழுது பார்க்கிற ஜெசிந்தாவிடம் தொழில் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். யாருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்று சங்குமுனை ஊரே கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்குமுனைக் கோயிலின் பீடம் முந்நூறு வருஷப் பழசு. கப்பலில் வந்த சாமியார்கள் காட்டிய படத்தைப் பார்த்து ஊர்த் தச்சர்கள் செதுக்கியது. பின்சுவர் முழுக்க மரம். கயிறு திரித்தது மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போகும் ஆறு தூண்கள். தூண் முழுக்கத் திராட்சைக்கொடி. கொடிக்கு நடுவே கன்னம் உப்பிய, சிறகு முளைத்த சம்மனசுகள். நேர்கோடு என்று ஒன்றுகூடக் கிடையாது.

இளைஞர் சபைக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து ஊர் மாதிரி வெள்ளைச் சுவரும் ஒரு சிலுவையும் போதும், இதை அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். வேறு சிலர் கூடவே கூடாது என்றார்கள். பேச்சு முற்றி, கடைசியில் ஜெசிந்தா என்ன சொல்கிறாளோ அதன்படி செய்வோம் என்று முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். அறுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே ரம்பத்தோடு ஆள் வந்துவிடும்.

ஜெசிந்தா அவர்களிடம் ஒரே வரிதான் சொன்னாள்.

"கஸ்பார் சார் எழுதித் தர்றதுதான் என் முடிவு."

உள்ளுக்குள் வாத்தியார் இளைஞர் சபை பக்கம். முப்பது வருஷம் பிள்ளைகளை அடிக்கோல் வைத்துக் கோடு போடச் சொன்னவருக்கு இந்தத் தூண்களைப் பார்த்தாலே திருத்தத் தோன்றும். ஆனாலும் அறுக்கலாம் என்று எழுதக் கை வரவில்லை. வெறும் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தன்று மத்தியானம் கோயிலுக்குள் இருந்த அவளிடம் போனார்.

"டீச்சர், நீங்களே சொல்லிருங்க. இது அழகா, அசிங்கமா?"

அவள் சின்னக் கத்தி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, மூன்றாவது தூணில் ஒரு ஜன்னல் திறக்கச் சொன்னாள். அவர்கள் தொழிலில் ஜன்னல் என்றால், தீப்பெட்டி அளவு இடத்தில் பூச்சைப் படிப்படியாகச் சுரண்டி, ஒன்றுக்கு அடியில் ஒன்றாக என்ன இருக்கிறதென்று பார்ப்பது.

வாத்தியார் ஏணியில் ஏறி உட்கார்ந்தார். மேல் பூச்சு வெள்ளி பெயிண்ட்.

"இது யார் அடிச்சதுன்னு தெரியுமா சார்?"

கத்தி நின்றது.

"நான்தான் டீச்சர். ஜூபிலி வருஷம், எட்டாப்புப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து அடிச்சேன். எல்லாம் ஒரே நிறமா இருந்தா இந்த முறுக்கு அவ்வளவா கண்ணுல படாதுன்னு நினைச்சேன்."

"அப்பவே நினைச்சேன். முறுக்குத் தூணுல வந்து நேர்கோடா பிரஷ் இழுத்திருக்காரே, யாரு இந்த மகராசன்னு."

கீழே யாரோ சிரித்தார்கள். மீன் விற்கிற சலேத். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கு அடியில் வெள்ளை வந்தது. அடிவரைக்கும் வெள்ளைதான் என்று நினைத்தார். ஒரு மணி நேரம் சுரண்டிய பிறகு அதற்கு அடியில் காகிதம் போல் மெல்லிய தங்க ரேக்கு தெரிந்தது. அதற்கும் அடியில் மறுபடியும் வெள்ளை.

"ரெண்டு வெள்ளை இருக்கு டீச்சர்."

"ம். சுரண்டுங்க."

அவர் சுரண்டச் சுரண்ட அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி வேலைப்பாடு பிறந்தது ரோமாபுரியில். படமும் சுரூபமும் வேண்டாமென்று பாதிப் பேர் திருச்சபையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். அப்போது அங்கிருந்த பெரியவர்கள், எழுத்துத் தெரியாத ஒரு பொம்பிளை உள்ளே நுழைந்தால் அப்படியே நின்றுபோகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார்களாம். கல்லை வளைத்தார்கள், மரத்தை முறுக்கினார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள், முழங்காலில் விழுந்தார்கள். செய்தவர்கள் எல்லோரும் செத்து நூறு வருஷம் போனபின் வேறொரு கூட்டம் வந்து சிரித்தது. சிப்பிக்குள் உருண்டையாகாமல் கோணிப்போன முத்தைப் போர்த்துக்கீசியர் பரோக்கோ என்பார்கள். அந்தப் பேரைத்தான் திட்டுவதற்கென்று இந்த வேலைப்பாட்டுக்கு வைத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

"சிரிச்சவங்க விவரம் இல்லாதவங்களா?"

"நல்லாப் படிச்சவங்க சார். உங்களை மாதிரி."

அதற்கும் பிறகு, யாரோ நாலு பேர் பழைய கோயில்களுக்குள் போய்ப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்களாம். இப்போது அதே திட்டுப் பேரைச் சொல்லிக்கொண்டு உலகமெல்லாம் இருந்து ஜனங்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

இரண்டாவது வெள்ளை போனது. மறுபடியும் தங்கம். இது கனமாக, தேன் நிறத்தில் இருந்தது. அதற்கு அடியில் தங்கம் பிடிப்பதற்காகப் பூசிய செம்மண், அதற்கு அடியில் மரம். அவ்வளவுதான்.

வாத்தியார் விரலை வைத்துக் கணக்குப் பார்த்தார். யாரோ ஆசையாகத் தங்கம் ஒட்டினார்கள். யாரோ வெட்கப்பட்டு வெள்ளை அடித்தார்கள். மறுபடி ஒருவர் ஆசைப்பட்டார். மறுபடி ஒருவர் வெட்கப்பட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, கஸ்பார்.

இறங்கி வந்து சலேத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மூன்று வருஷமாகப் பழைய பீடங்களோடு கிடக்கிறார். ஒரு பீடத்தையும் தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"எம்மா, உனக்கு இது பிடிக்குமா?"

சலேத்துக்குச் சொல்லக் கூச்சம். பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அழகெல்லாம் தெரியாது சார். தூண் நேரா இருந்தா கண்ணு ஒரே ஓட்டமா மேல போய் முடிஞ்சிரும். இது சுத்திச் சுத்தில்லா போவுது. ஒரு இலை, ஒரு பழம், ஒரு சம்மனசுன்னு இவளுக்குக் காட்டிட்டே போவேன். உச்சிக்குப் போறதுக்குள்ள அழுகை அமந்துரும்."

வாத்தியார், அவள் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். அதன் கண் மூன்றாவது தூணில் பாதி உயரத்தில் இருந்தது. மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு பேப்பரை எடுத்து மடியில் விரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. வெளியே கூட்டத்துக்கு நாற்காலி போடுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பீடம் இருக்கட்டும்னு எழுதுறேன். நீங்களும் நானும் ரெண்டு வருஷம் உட்கார்ந்து அந்தப் பழைய தங்கத்தை வெளியே கொண்டு வருவோம். எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. நாப்பது வருஷம் கழிச்சு என்னை மாதிரி ஒருத்தன் வந்து, இது என்ன அசிங்கம்னு திரும்பவும் வெள்ளை அடிக்க மாட்டானா?"

ஜெசிந்தா கத்தியைத் துணியில் துடைத்து உறையில் போட்டாள்.

"அடிக்கட்டும் சார். வெள்ளைக்கு அடியில தங்கம் பத்திரமா இருக்கும். நீங்க ரம்பம் மட்டும் வேண்டாம்னு எழுதுங்க."