கடைசி மருமகளும் கலைமான் கொம்பும்

அந்தக் காலத்தில் மிருகங்களும் பேசிக்கொண்டுதான் இருந்தன. சொல்லப்போனால் மனிதர்களைவிடக் கொஞ்சம் மரியாதையாகவே பேசின. அப்போதெல்லாம் கலைமானுக்குக் கொம்பு உதிராது. பிறந்த நாளிலிருந்து சாகிற நாள்வரை வளர்ந்துகொண்டே போகும். வயதான மான் நடந்து வந்தால் இலை உதிர்ந்த மரமொன்று கிளம்பி வருகிற மாதிரி இருக்கும். அந்தப் பாரத்தில் கழுத்து ஒடிந்தாலும் சரி, கொம்பென்றால் அவற்றுக்கு அத்தனை பெருமை.

வடக்கே, வெகு வடக்கே, ஸ்வீடன் என்கிற பனி நாட்டில், ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு இருந்தது. வீட்டுக்காரி பெயர் பிரிட்டா. அவளுக்கு ஏழு பிள்ளைகள், ஏழு மருமகள்கள். விருந்தாளி வந்தால் தட்டில் ஏழு வகைப் பலகாரம் வைப்பது அந்த நாட்டு வழக்கம். ஆறு வைத்தால் கஞ்சத்தனம், எட்டு வைத்தால் திமிர். பிரிட்டா வீட்டில் ஆளுக்கொரு வகை என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் தாய்வீட்டுப் பக்குவத்தில் ஒரு பலகாரம் செய்ய வேண்டும். இஞ்சி போட்டது ஒருத்தி, பாதாம் அரைத்துப் போட்டது ஒருத்தி, நடுவில் குழித்துப் பழப்பாகு விட்டது ஒருத்தி.

இதில் பொல்லாத விதி ஒன்றும் உண்டு. எவள் பலகாரம் மூன்று விருந்தில் தட்டிலேயே மீந்துபோகிறதோ, அவள் அடுப்படியை விட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அவள் மாவில் கை வைக்கக் கூடாது.

கடைசி மருமகள் குனில்லாவுடைய பலகாரம் ஏற்கெனவே இரண்டு விருந்தில் மீந்திருந்தது.

பாவம், அவள் ஏழை வீட்டுப் பெண். மாவு, வெண்ணெய், சர்க்கரை, அவ்வளவுதான் அவள் அம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம். சீதனமாக அவள் கொண்டுவந்ததும் அது ஒன்றைத்தான். வெந்து வந்தால் கல் தோற்றுப்போகும். தாய்வீட்டில் அதைப் பாலில் ஊறவைத்துத் தின்பார்கள். இங்கே விருந்தாளி முன்னால் ஊறவைத்தால் மானம் போய்விடும்.

அடுப்படியில் மாவு உருட்டுகிற பலகைகள் ஆறுதான் இருந்தன. ஆறு ஓரகத்திகளும் ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொள்வார்கள். குனில்லா இரும்புப் பானையின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதில் மாவு உருட்டுவாள். "எனக்கும் ஒரு பலகை இருந்தா நல்லா வரும்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மூத்தவள் உல்ரிகா சும்மா விடுவாளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சொல்லிச் சிரித்தாள். மற்ற ஐந்து பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். குனில்லா மூடியிலேயே மாவை உருட்டினாள்.

நடுக்குளிர்காலத்தில் பிரிட்டாவின் அண்ணன் அல்கோட் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அதுதான் மூன்றாவது விருந்து. நாளைக்கு விருந்து, இன்றைக்குக் காலையில் கோடாலியோடு விறகு வெட்டக் காட்டுக்குப் போனாள் குனில்லா. போகிற வழியெல்லாம் அழுகை.

காட்டுக்குள்ளே இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கலைமான் கொம்பு மாட்டிக்கொண்டு நின்றது. இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் ரத்தம். தூரத்தில் ஓநாய்கள் ஊளையிடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, உன் கையில கோடாலி இருக்கே, இந்த மரத்தை வெட்டிவிடு" என்றது மான்.

"மரத்தை வெட்ட ஒரு பகல் ஆகும். ஓநாய் அதுவரைக்கும் காத்திருக்குமா? கொம்பை வெட்டிடறேன்."

"கொம்பையா? அதுக்கு நான் செத்தே போறேன். மொட்டைத் தலையோட காட்டுல எப்படி நடமாடுறது?"

"மறுபடியும் முளைக்கும்."

"முளைக்குமா? யார் சொன்னது?"

குனில்லாவுக்கு என்ன தெரியும்? அந்த உயிரைக் காப்பாற்ற வேண்டும், அது மட்டும்தான் தெரியும். "இலை உதிர்ந்தா முளைக்கலையா? வசந்தம் வரட்டும், உனக்கும் முளைக்கும்" என்று அடித்துச் சொன்னாள்.

மான் கண்ணை மூடிக்கொண்டது. அவள் வெட்டினாள். தலை விடுபட்டதும் அது அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதை இங்கே போட்டுடாதே தாயே. நரி பார்த்தா ஊர் பூரா சொல்லிச் சிரிக்கும். எடுத்துட்டுப் போய் எரிச்சிடு" என்று கேட்டுக்கொண்டு ஓடிப்போயிற்று.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் குனில்லா. கொம்பைத் துண்டு துண்டாக்கி இரும்புப் பானையில் போட்டு, நாற்றம் வெளியே வராமல் இறுக மூடி, கொட்டகை அடுப்பில் வைத்துக் கரியாக்கினாள். ஆறியதும் மூடியை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தாள். மூடியின் உள்பக்கம் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. கொம்பின் ஆவி படிந்த உப்பு அது. அவளோ பழைய மாவு என்று நினைத்து அதன் மேலேயே புது மாவைப் போட்டு உருட்டினாள். துடைத்துவிட்டு உருட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் பலகாரம் அடுப்பில் ஏறியதுதான் தாமதம், அப்பப்பா! கண்ணைக் கரிக்கிற நெடி ஒன்று கிளம்பி வீடு முழுக்கப் பரவிற்று. ஓரகத்திகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பனியில் ஓடினார்கள். "கல்லு சுட்டது போதாதுன்னு இப்ப தொழுவத்தையே சுடறாளா?" என்று கத்தினாள் உல்ரிகா. இன்றோடு தொழுவம்தான் என்று குனில்லா தீர்மானித்துவிட்டாள்.

வெந்து முடிந்ததும் நெடி போன இடம் தெரியவில்லை. வெண்ணெய் வாசம் மட்டும் நின்றது. எடுத்துப் பார்த்தால் பலகாரம் ஒவ்வொன்றும் உப்பி, மேலே லேசாக வெடித்து, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருந்தது.

அல்கோட் மாமா தட்டின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தார். ஏழாவதைக் கடித்தார். அவர் மென்றதாகவே தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. வகைக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்ற மரியாதையெல்லாம் பறந்துபோயிற்று.

"கனவுல தின்ன மாதிரி இருக்கு. வாயில போட்டேன், காணோம்! இது யார் கைப்பக்குவம்?"

குனில்லா முன்னே வந்து நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். மூடியில் படிந்த கொம்புத் தூளின் வேலைதான் இது என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. அங்கேதான் வந்தது வினை. உல்ரிகாவின் கணவன் லார்ஸ் துள்ளி எழுந்தான். "காட்டுல மானுக்கா பஞ்சம்? நாளைக்கே வில்லை எடுத்துட்டுப் போறேன். ஒரு வண்டி கொம்போட வர்றேன்!"

பிரிட்டாவும் தலையாட்டினாள். "போயிட்டு வா. இந்தப் பலகாரம் இனிமே எல்லா விருந்துக்கும் வேணும்."

மான் வெட்கத்தோடு ஓடியது குனில்லாவின் கண்ணுக்குள்ளேயே நின்றது. வந்த நாள்முதல் மாமியார் முன்னால் குரலை உயர்த்தாதவள் அன்றைக்கு உயர்த்தினாள்.

"வேண்டாம் அத்தை. அது என்னை நம்பித் தலையைக் குடுத்தது. மறுபடி முளைக்கும்னு சொல்லியிருக்கேன். இலை மாதிரி முளைச்சா, இலை மாதிரி உதிரவும் உதிரும், அப்ப நமக்குத் தானாக் கிடைக்கும். கொல்ல வேண்டாம்."

"முளைக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாத்தான் சொன்னேன்."

"முளைக்குமா?"

"தெரியாது அத்தை."

ஆறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பிரிட்டா மட்டும் சிரிக்கவில்லை.

"பனி உருகற வரைக்கும் பொறுங்க" என்றாள் குனில்லா. "முளைக்கலைன்னா நானே தொழுவத்துக்குப் போயிடறேன். அப்புறம் இந்த வீட்டு அடுப்பைத் தொட மாட்டேன்."

கையில் கிடைத்த வாழ்வை அவளே தூக்கிப் பணயம் வைத்துவிட்டாள். பைத்தியக்காரி என்றாள் உல்ரிகா. பொறுத்துப் பார்ப்போம் என்றாள் பிரிட்டா.

அந்தக் குளிர்காலம் முழுவதும் குனில்லா நாள் தவறாமல் காட்டோரம் போய் நின்றாள். மான் கண்ணில் படவே இல்லை. ஏரியில் பனிக்கட்டி விரிசல் விட்டது. கூரையிலிருந்து நீர் சொட்டியது. மரங்களில் துளிர் வந்தது. ஒருநாள் காலையில் முற்றத்தில் கடைசிப் பனியும் கரைந்துவிட்டது. லார்ஸ் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வில்லுக்கு நாண் ஏற்ற உட்கார்ந்தான். குனில்லா தன் துணிகளை மூட்டை கட்டித் தொழுவத்துக்குக் கிளம்பினாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அப்போது வாசல் கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு கலைமான் உள்ளே வந்தது. ஏழு விற்களுக்கு நடுவே, ஒருவரையும் பாராமல், நேரே குனில்லாவிடம் வந்து தலையைக் குனிந்தது.

"தொட்டுப் பாரம்மா."

அவள் தொட்டாள். நெற்றிக்கு மேலே இரண்டு புடைப்புகள், பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தன. குனில்லா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அன்னைக்கு நீ பொய்தானே சொன்னே?" என்று கேட்டது மான்.

"ஆமாம்."

"போகட்டும், நல்ல பொய். இந்தக் குளிர்காலத்துலதான் நான் முதல் தடவையாக் கழுத்து வலிக்காமல் ஓடினேன்." அப்புறம் அது பிரிட்டாவைத் திரும்பிப் பார்த்தது. "வீட்டுக்கார அம்மா, நானும் என் இனமும் வருஷா வருஷம் பனி முடியற சமயத்துல கொம்பைக் கீழே போட்டுடறோம். தரையில கிடக்கறது உங்களுக்கு. தலையில இருக்கறது எங்களுக்கு. சம்மதமா?"

பிரிட்டா பிள்ளைகளைப் பார்த்து, "வில்லைக் கீழே வைங்கடா" என்றாள். பிறகு தன் கையாலேயே குனில்லாவின் மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உல்ரிகா வழிவிட்டு நின்றாள்.

அன்று முதல்தான் கலைமான் ஆண்டுக்கொரு முறை தன் கொம்பைத் தானே உதிர்க்கிறது. அந்த நாட்டு வீடுகளில் அந்தப் பலகாரத்துக்குக் கனவு என்றே பெயர். அது வேகும்போது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். ஏழு வகையும் தட்டில் வந்ததும், கடைசி மருமகளின் பலகாரத்துக்குத்தான் முதலில் கையை நீட்டுகிறார்கள்.