மோருக்கு எந்த உப்பு?

ஓசூர் பட்டறையில் மெஷினுக்கு உப்புத்தண்ணி கலக்கும் மரியபுஷ்பத்துக்கு அன்று ரத்தம் கொதித்தது. மின்சாரத்தால் எஃகைக் கரைத்து வடிவமைக்கும் அந்த மெஷினிலிருந்து நாற்பது துண்டும் அம்மைத் தழும்போடு வெளியே வந்திருந்தன.

"உனக்குக் கலக்கத் தெரியல. உன் தப்பில்லேன்னு இப்பவே எல்லார் முன்னாடியும் நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வராதே!" என்று கத்தினார் மேனேஜர் சந்தானகிருஷ்ணன்.

மெஷினுக்கு வழக்கமாகப் போடும் நைட்ரேட் உப்பு வர நாளாகுமென்று சாப்பாட்டு உப்பை வாங்கிக் கொட்டச் சொன்னவரே அவர்தான். "எஃகு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு சார். வெட்டக்கூடாத இடத்தை அதுதான் காப்பாத்தும். நைட்ரேட்ல அது நிக்கும், இதுல கிழிஞ்சிடும்" என்று அவள் அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "உப்பு உப்புதானே" என்று சிரித்தார் மனுஷன்.

மரியபுஷ்பம் பழைய மூட்டையின் அடியில் கிடந்த நைட்ரேட்டை ஒரு கரண்டி அள்ளி வந்து, மேஜையிலிருந்த அவருடைய மோர் டம்ளருக்கு மேலே நீட்டினாள்.

"மோர்ல உப்பு கம்மின்னீங்களே, போடட்டுமா சார்?"

"ஐயோ, அது வேற உப்பு!" மேனேஜர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "உங்க வயித்துக்கு மட்டும் வேற உப்பு. என் மெஷினுக்குன்னா உப்பு உப்புதானா?"