காலியாக ஒரு ஸ்லாட்

மைமூன் டீச்சரிடம் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டப் படிக்க வந்தவர்களில் தேவபிச்சைதான் வயதில் மூத்தவர். டீச்சரைவிடவே இருபது வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் பாளையங்கோட்டையில் டீச்சரின் மாடிக் கடைக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

"அண்ணாச்சி, ஸ்க்ரூவை மெல்லத் திருகுங்க. விசில் குடுக்குற அவசரம் இங்க வேண்டாம்."

"நான் விசில் குடுத்தா மட்டும் வண்டி எடுத்துருவாங்களா டீச்சர்? நம்ம டிரைவர் டீ குடிச்சு முடிச்சாத்தான்."

அவர் படிக்க வந்தது மகனுக்காக. ஷெர்வினுக்குப் பத்தொன்பது வயது. தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் வியாதி. கட்டிலோடு கிடக்கிறான். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் அசைகின்றன. அதை வைத்து கேம் விளையாடுவான். பழைய கம்ப்யூட்டரில் படம் நின்று நின்றுதான் ஓடும். தாயும் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. நல்லதாக ஒன்றைத் தன் கையாலேயே பூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது தகப்பனின் ஆசை.

குறைந்த விலையில் கேம் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களிடம் டீச்சர் ஒரே பேச்சுதான் பேசுவார்.

"முதல்ல மதர்போர்டும் பவர் சப்ளையும் நல்லதா வாங்குங்க. படத்தை வேகமா ஓட்டுற கிராபிக்ஸ் கார்டுக்கு இடத்தை மட்டும் விட்டு வைங்க. பிறகு கையில காசு வரும்போது மாட்டிக்கலாம்."

அன்றைக்கும் ஒரு காலேஜ் மாணவனிடம் அதையே சொல்லி அனுப்பினார். அவன் படியிறங்கிப் போனதும் தேவபிச்சை கேட்டார்.

"பிறகுன்னு ஒண்ணு இல்லாதவனுக்கு என்ன வாங்கணும் டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த ரேமைக் கீழே வைத்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூச்சு விடுற தசையும் போக ஆரம்பிச்சிட்டாம். இந்தக் கிறிஸ்மஸைப் பாருங்க, அடுத்ததை நினைக்காதீங்கன்னுட்டாரு."

"அவனுக்குத் தெரியுமா?"

"என்னை மட்டும் வெளிய கூப்பிட்டுத்தான் சொன்னாரு. நான் எப்படிச் சொல்ல? ஜெபத்துலகூட அடுத்த வருஷம்னு எனக்கு வாய் வர மாட்டேங்குது. பாதியிலேயே ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சிருதேன்."

டீச்சர் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்து வந்தார். அதன் பக்கத்தில், கடையில் இருப்பதிலேயே மலிவான மதர்போர்டை வைத்தார்.

"இருக்கிற பணம் இந்தக் கார்டுக்கே சரியாப் போகும். மத்ததெல்லாம் மலிவாத்தான் போடணும். பின்னால இதுல ஒண்ணும் கூட்ட முடியாது. ஆனா இன்னைக்குப் படம் தண்ணி மாதிரி ஓடும். இதையே பூட்டுங்க அண்ணாச்சி."

"நீங்க யாருக்கும் இப்படிச் சொன்னதில்லையே."

"சொன்னதில்ல."

தேவபிச்சைக்கு, டாக்டர் சொன்னபோதுகூட எங்கோ ஒரு ஓரத்தில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சரும் சொன்ன பிறகு அதுவும் போய்விட்டது. ஆண்டவர் எந்தத் தகப்பனுக்கும் அந்த நேரத்தைக் கொடுக்கக் கூடாது.

"எதுக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. விளையாடப் போறது அவன்தானே" என்றார் டீச்சர்.

தேவபிச்சை இறங்கிப் போகும் சத்தம் பாதிப் படியில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"கேட்டேன் டீச்சர். பெரிய கார்டா வாங்கித் தாரேன் எய்யான்னேன். சிரிக்கான். 'இத்தனை நாள் உங்க டீச்சர்கிட்ட இதைத்தான் படிச்சீங்களா? ஃபீஸைத் திருப்பி வாங்கிட்டு வாங்கப்பா'ங்கான்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல போர்டாப் போடணுமாம். பவர் சப்ளை பெருசா இருக்கணுமாம். கார்டை அடுத்த வருஷம் நீங்களே பார்த்து நல்லதா மாட்டிக்கிடுங்கங்கான். கேபினெட் பெட்டியும் அகலமா வேணுமாம், என் தடிச்ச விரல் உள்ள போகணுமாம். இப்பவே என்னையும் கேம் விளையாடப் பழகச் சொல்லுதான். எனக்கு அது எங்க வருது?"

"சரி."

"என்ன சரி டீச்சர்? பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்ங்கான். எனக்குக் கேக்க முடியல. சொல்லிரட்டுமா?"

டீச்சர் பெரிய கார்டைப் பெட்டியில் வைத்து மூடினார். நல்ல மதர்போர்டு ஒன்றை எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்தார். கேபினெட்டுக்குள் பூட்டுவதற்கு முன்னால் அப்படி வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பிராசஸரை உட்கார வைத்தார். ரேமை அழுத்தினார். கார்டு மாட்டும் நீள ஸ்லாட் காலியாக இருந்தது.

"அவனுக்குத் தெரியும் அண்ணாச்சி."

தேவபிச்சை அந்தக் காலி ஸ்லாட்டில் விரலை வைத்தார்.

"தெரிஞ்சுமா அடுத்த வருஷத்துக்கு இடம் விடச் சொல்லுதான்? யாருக்கு டீச்சர்?"

மைமூன் டீச்சர் பவர் சப்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நல்ல கனம். இரண்டு கையாலும் அவர் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை டீச்சர் விடவில்லை.

"யாரு இருக்கப் போறாங்களோ, அவங்களுக்கு."